ஊசிக்கு முன் ஒரு சிலுவை

நர்சிங் கவுன்சிலில் என் பெயர் பதிவான சான்றிதழ் கைக்கு வந்த அன்று, அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி, ஒரு பெண்ணும் பிறந்த பிறகு மூன்று வருடம் படித்து வாங்கியது. இனி வேலை தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிடைக்கவில்லை. அரியாங்குப்பத்தில் பஸ் ஏறி புதுச்சேரி டவுனுக்குப் போவேன். எந்த நர்சிங் ஹோமிலும் வரவேற்பில் இருக்கும் பெண் என் ஃபைலைத் திறக்காமலேயே கேட்பாள்: "எக்ஸ்பீரியன்ஸ் எத்தன வருஷம்?" இப்பத்தான் முடிச்சேன் என்பேன். "போன் நம்பர் எழுதிட்டுப் போங்க." எழுதிவிட்டு வருவேன். யாரும் கூப்பிட மாட்டார்கள். வேலை பார்த்தவளுக்குத்தான் வேலை என்றால், முதல் வேலையை யார்தான் கொடுப்பார்கள்?

கூடப் படித்த தோழி ஒருத்தி சென்னைக்குப் போய்விட்டாள். "நீயும் வந்துடு. ஹாஸ்டல் இருக்கு. ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிட்டு இருந்தா எக்ஸ்பீரியன்ஸ் ஆயிடும்" என்றாள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. படிக்கிற நாளிலேயே பகலெல்லாம் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடியவள் நான். இரண்டு வருடம் ஹாஸ்டல் என்றதும் 'பாக்கறேன்' என்று பேச்சை முடித்துக்கொண்டேன். ஊருக்குள்ளேயே வேலை கிடைக்காவிட்டால் பிள்ளையை விட்டுப் போக வேண்டும். ராத்திரி செபம் சொல்லும்போதும் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை, பெரிய மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு நர்சிங் ஹோமில் நேரில் வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரே கூட்டிப் போனார்.

"கை ஏன்டி இப்படி நடுங்குது? ஊசி போடப் போறியா, போட்டுக்கப் போறியா?"

"பேசாம ஓட்டுங்க. செபம் சொல்லிட்டு இருக்கேன்."

"எனக்கும் சேத்துச் சொல்லு. எதிர்ல லாரி வருது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அங்கே இன்சார்ஜ் சிஸ்டர் ஐம்பது வயதுக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: "எவ்ளோ நாள் வேலை பாத்திருக்க?"

"ஆறு மாசம், சிஸ்டர்."

தோழி சொல்லிக்கொடுத்த பொய். நான் சொல்ல மாட்டேன் என்றுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஆனால் வாய் சொல்லிவிட்டது.

"எங்க?"

"எங்க ஊர்ல... ஒரு சின்ன கிளினிக்ல."

"டிரிப்ஸ் ஊசி தனியாப் போடுவியா?"

"போடுவேன்."

முந்தின நாள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிய நாக்கு அது. அதே நாக்கில் இரண்டு பொய்.

"நல்லதாப் போச்சு, வா" என்று வார்டுக்கு அழைத்துப் போனார். அங்கே காய்ச்சலோடு ஒரு பெரியவர் படுத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கை நிறைய நரம்பு தெரிந்தது. தொட்டால் வழுக்கி நகர்ந்தது.

"புதுசா இவ?" என்றார்.

"ஆறு மாசம் வேலை பாத்த பொண்ணுதான்" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். என் பொய்யை அவர் வாயால் கேட்டதும் கையுறைப் பெட்டியைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

கையுறை போட்டேன். ரப்பர் பட்டையைக் கட்டினேன். பஞ்சால் துடைத்தேன். ஊசியை எடுத்தேன். 'மாதாவே, நான் சொன்ன பொய்க்கு இவர் கையைத் தண்டிச்சிடாதே' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, பழக்கத்தில், கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டேன். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள்.

பெரியவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இரு, இரு! என்னா பண்ற? எனக்கு அவஸ்தைபூசுதல் குடுக்கறியா?"

சாகக் கிடப்பவருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி செபிப்பதைத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "காய்ச்சல்னுதான வந்தேன்? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? மறைக்கிறீங்களா?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல ஐயா. எனக்குத்தான் பயம்."

"ஆறு மாசம் போட்டவளுக்கு என்னா பயம்?"

"ஆறு மாசம் இல்ல ஐயா. வேலையே பாத்ததில்ல. படிக்கறப்ப ரெண்டு பேருக்குப் போட்டேன். அப்பவும் டீச்சர் பக்கத்துல நின்னாங்க. மத்ததெல்லாம் பொம்மைக்கு."

"பொம்மை கத்தாது, நல்லாப் போட்டிருப்ப" என்றார் அவர்.

இன்சார்ஜ் சிஸ்டர் என் கையிலிருந்து ஊசியை வாங்கிக் குப்பையில் போட்டார். "கிளவுஸ் போட்ட கையால நெத்தியத் தொட்ட. அது தெரியுதா ஒனக்கு?" அப்போதுதான் தெரிந்தது. சுத்தமான கையுறையால் வேர்வை நெற்றியைத் தொட்டு, அதே கையால் ஊசி குத்த இருந்தேன். புதுக் கையுறை, புது ஊசி எடுத்து அவரே போட்டார். "தூஸ்மா, தூஸ்மா" என்றார் பெரியவர். மெதுவாக, மெதுவாக என்று பிரெஞ்சில்.

வெளியே வந்ததும் ஃபைலை எடுத்துக்கொண்டேன். கண் மறைத்தது. சென்னை ஹாஸ்டலும், வாசலில் நின்று கையாட்டும் என் மகளின் முகமும்தான் தெரிந்தன.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். "நெசத்தச் சொன்னதுக்காக எடுத்துக்கறேன்னு நெனச்சிக்காத. எங்க சிஸ்டருங்க ரெண்டு பேரு வெளிநாடு போயிட்டாங்க, ஆளில்லாமத் தவிக்கறேன். மூணு மாசம் ஊசியத் தொடக் கூடாது. காய்ச்சல் பாரு, பிபி பாரு, படுக்கை மாத்து. இன்னொரு பொய் சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வா."

ஆட்டோவில் ஏறியதும் அழுதேன். "கெடைக்கலியா?" என்றார் வீட்டுக்காரர். "கெடைச்சிருச்சி" என்றேன். "அதுக்கா அழுவுற?" என்றார். கிடைத்த பிறகு பயம் இன்னும் கூடியிருந்தது.

மறுநாள் காலை வார்டில் நுழைந்ததும் பெரியவர் படுத்தபடியே கையை உயர்த்தினார்.

"பொன்ழூர், ஃபாதர்!"

பிரெஞ்சில் காலை வணக்கம் சொன்னார். குணமாகி வீட்டுக்குப் போகும் வரை என்னை ஃபாதர் என்றுதான் கூப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், மீன் விற்கும் அம்மா ஒருவருக்கு டிரிப்ஸ் போட வேண்டியிருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் ஊசியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"எத்தனாவது?"

"மூணாவது, சிஸ்டர்."

பயம் அப்போதும் இருந்தது. கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. முகக்கவசத்துக்குள் வாயை மூடிக்கொண்டு, நாக்கு நுனியால் மேலண்ணத்தில் ஒரு சிறிய சிலுவை போட்டேன். கண்ணை மூடவில்லை. குத்தினேன். நரம்புக்குள் சரியாக இறங்கியதற்கு அடையாளமாக, ஊசியின் பின்பக்கம் ரத்தம் ஒரு சொட்டு சிவப்பாக எட்டிப் பார்த்தது.