ஆர்வில் பிரிக்காத பெட்டிகள்

ஒஹையோவில் எங்கள் ஊரில் ஆர்வில் டாக்கெட்டைப் பற்றிக் கேட்டால், தங்கமான மனுஷன் என்பார்கள். அவருடைய ஷெட்டில் குடியிருந்த மட்கார்டுகளுக்கு அவர் தங்கமான மனுஷன்தான். பக்கத்து வீட்டுக்காரன் நான், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலேயே, மூடப்போகும் கார் கடைகளாகத் தேடிப் போவார். அறுபதுகளின் ஷெவெல் கார்களுக்கான மட்கார்டு, பானட், கதவு என்று விற்காமல் கிடந்ததையெல்லாம் வாங்கி வந்து அடுக்கினார். எல்லாம் கம்பெனி சரக்கு, பெட்டி பிரிக்காதது. பிரித்தால் மதிப்பு போய்விடும் என்பது பழைய கார்ப் பைத்தியம் பிடித்தவர்களின் வேதம். தூசி படக்கூடாது, எலி கடிக்கக்கூடாது என்று அட்டைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டினார். ஷெட்டுக்கு ஹீட்டர் வேறு.

அவர் மனைவி நடீனுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. அவள் இருமுவது என் சமையலறை வரைக்கும் கேட்கும். வறண்ட ஊருக்குப் போனால் தாக்குப்பிடிப்பாள் என்று டாக்டர் சொன்னார். அரிசோனாவில் அவள் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்ன வீடொன்று விலைக்கு வந்தது. பெட்டிகளை விற்றால் வாங்கிவிடலாம்.

"இன்னும் கொஞ்சம் பொறு நடீன். விலை ஏறிக்கிட்டே இருக்கு."

"நான் செத்தா இன்னும் ஏறுமா?"

அதே பழைய கார்களுக்குத் தைவானிலிருந்து புதிதாக அடித்த மட்கார்டுகள் வரத் தொடங்கியதும் நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு டிங்கரிங் பட்டறையில் வேலை.

"அதுவே நல்லாப் பொருந்துது ஆர்வில். நாங்க அதைத்தான் போடறோம். கேக்க ஆள் இருக்கறப்பவே வித்துடுங்க."

"நகல் நகல்தான். நீ போய் உன் தகரத்தைத் தட்டு."

அந்த அக்டோபரில் நடீன் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார். இண்டியானாவிலிருந்து கர்ட் என்றொரு வியாபாரி வந்தான். நடீன் ஷெட் வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள், பக்கத்தில் நான் நின்றேன். கிளம்பி வருகிறேன் என்று தங்கைக்கு அன்று காலையே போன் பண்ணியிருந்தாள்.

"ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்க, பெரியவரே" என்றான் கர்ட்.

"பிரிக்கறதா? முப்பது வருஷமா கை படாத சரக்குய்யா!"

"இப்பல்லாம் பாக்காம எவனும் வாங்கறதில்ல."

ஆர்வில் கத்தியால் கீறினார். உள்ளே அட்டை கறுத்து ஊறிக் கிடந்தது. சுற்றும்போதே மாட்டிக்கொண்ட ஈரம், வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்குக்குள்ளேயே வேர்த்து வேர்த்து இரும்பைத் தின்றிருந்தது. மட்கார்டைத் தூக்கியதும் விளிம்பு துருவாக உதிர்ந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்த பானட்டில் கர்ட்டின் விரல் உள்ளே போய்விட்டது. பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. அவன் போன பிறகும் ஆர்வில் விடவில்லை.

"இரு நடீன், இது நல்லா இருக்கும்" என்று நான்காவது பெட்டியில் கத்தியை வைத்தார்.

"வேணாம், விடு" என்றாள் அவள். "பிரிக்காத வரைக்கும் உனக்கு அது புதுசுதானே? மிச்சத்தை அப்படியே வச்சுக்கோ. நான் போனப்புறம் உனக்குத் துணையா இருக்கும்."

எனக்கு அந்த ஆளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிப் போனேன். வாசற்படியில் மூச்சு வாங்க நின்றவள் திரும்பிப் பார்த்தாள். ஆர்வில் கீறிய பெட்டிக்கு மறுபடியும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.