சிலுவை தெரியும் இடம்

எட்டு வயதில் நான் நீதிமானாகிவிடுவது என்று முடிவு செய்தேன். போடியில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்திய அக்காதான் அதற்குக் காரணம். சொன்ன பேச்சைக் கேட்பவர்களே நீதிமான்கள், அவர்களுக்கே இரட்சிப்பு என்றாள். மற்றவர்களின் கதி என்ன என்று கேட்டதற்குக் கண்ணை உருட்டினாள். அம்மா எவ்வளவோ சொல்லியும் கேளாமல் பக்கத்தில் பஞ்சு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் இலவம்பஞ்சுக் குவியலுக்குள் குதித்து விளையாடுகிறவள் நான். குலை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அட்சரம் பிசகாமல் செய்தேன். “கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம இரு” என்று அம்மா சொன்னதற்காகச் சாப்பாட்டையே மறுத்தேன். வீட்டில் எல்லோருக்கும் பெரிய தொந்தரவாகப் போயிற்று.

அப்பா ஜீப் ஓட்டினார். மற்ற நாட்களில் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போவார். அந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, போடிமெட்டுக்கு அப்பால் தோட்டத்துத் தேவாலயம் ஒன்றில் அறுப்பின் பண்டிகை என்று சபையாரை ஏற்றிப் போனார். திரும்பும்போது, ஜீப் நகர்ந்ததுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அம்மா மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அப்பாதான் என்னை இறக்கி, ரோட்டோரப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார வைத்தார். மேட்டில் தேவாலயமும் அதன் முன்னால் சுண்ணாம்பு அடித்த கல் சிலுவையும் தெரிந்தன.

“செத்த காத்தாட உக்காந்திரு. கீழ எடம் இருக்குற பக்கம் போயி வண்டியத் திருப்பிட்டு வெரசா வந்துர்றேன். அந்தச் சிலுவை தெரியிற எடத்த விட்டு நகரக் கூடாது. என்ன ஆத்தா?”

தலையாட்டினேன். ஜீப் வளைவில் மறைந்தது.

மேகம் சத்தமில்லாமல் இறங்கியது. முதலில் தேவாலயம் போயிற்று, அப்புறம் சிலுவையின் கைகள், அப்புறம் எல்லாமே. எனக்கு அழுகை வந்தது. பயத்தினால் அல்ல. சிலுவை தெரியவில்லையே! நான் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே அப்பாவின் சொல் மீறப்பட்டுவிட்டது. அது தெரிகிற இடத்துக்குப் போய்விடுவதுதான் கீழ்ப்படிதல் என்று எழுந்து மேட்டுப் பக்கம் நடந்தேன். என் தலைக்கு மேல் வளர்ந்திருந்த ஏலச்செடிகள் முகத்தில் நீரைச் சொட்டின. என் கால்களே எனக்குத் தெரியவில்லை. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று இருந்தது. கடைசியில் கை ஒரு குளிர்ந்த கல்லில் பட்டது. அண்ணாந்து பார்த்தால் சிலுவை. அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பரலோகம் இப்படித்தான் வெள்ளையாக, அதட்டுவதற்கு ஆளில்லாமல் இருக்கும் என்று தோன்றியது. கொஞ்சம் தூங்கியும் இருப்பேன்.

எங்கிருந்தோ என் பெயர் கேட்டது. அப்பாவின் குரல்தான். பள்ளத்திலிருந்து வருகிறதா, வானத்திலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை.

“எங்க இருக்க ஆத்தா? சத்தங் குடு! இங்கிட்டு வா!”

இது புதுச் சங்கடம். அப்பா வா என்கிறார்; போனால் சிலுவை மறைந்துவிடும். எந்தச் சொல்லைக் கேட்பது?

“வர முடியாதுப்பா! சிலுவை தெரியாமப் போயிரும்!”

பிறகு செடிகள் முறிகிற ஓசை. மேகத்துக்குள்ளிருந்து அப்பா வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. வேட்டியெல்லாம் சேறு, முட்டியில் ரத்தம். பாலத்துக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் இறங்கித் தேடியிருக்கிறார். என்னைத் தூக்கி மூச்சு முட்டும்படி இறுக்கிக்கொண்டார்.

“நான் சொன்ன பேச்சக் கேட்டேன்லப்பா?”

“கேட்ட ஆத்தா, கேட்ட.” அப்பா அழுதார். பேச்சைக் கேட்ட பிள்ளைக்காக எதற்கு அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜீப்பில் இருந்தவர்கள் எரிச்சலோடு காத்திருந்தார்கள். “ஒத்தப் பிள்ளைக்காக இத்தன பேர நடுரோட்ல விட்டுட்டுப் போயிட்டியேப்பா” என்றார் பெரியம்மா. அப்பா வண்டியை எடுத்தார்.

நான் அம்மாவின் தோளில் சாய்ந்து மிகுந்த பெருமையோடு மலையிறங்கினேன். சொன்னதைச் சொன்னபடி செய்ததால்தான் தப்பித்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பேச்சை மீறி எங்கோ ஓடிவிட்டேன் என்று நினைத்தும்கூட அப்பா என்னைத் தேடி அந்தப் பள்ளத்தில் இறங்கினார் என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.