பர் ஓக்கைச் சுற்றிய திங்கட்கிழமை

பேய்க் கதை என்றாலே சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். சாமி விஷயத்திலேயே அரைகுறைதான். அதனால் இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் வரப்போகிற சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடைய பழைய சிரிப்பு. சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கும் சுபாவுக்கும் அப்போது கல்யாணமாகி ஒன்பது வருஷம். மூன்று முறை உண்டாகி, மூன்று முறையும் கலைந்துபோனது. எந்த டாக்டரைக் கேட்டாலும் "எல்லாம் நார்மல்" என்பதே பதில். அந்தச் சமயத்தில்தான் ஃபிரிஸ்கோவில் எங்கள் தெருவில் இருக்கும் ஆன்ட்டி, திங்கட்கிழமையில் அமாவாசை வந்தால் அரசமரத்தை நூற்றெட்டு முறை சுற்றச் சொன்னார். டெக்சஸில் அரசமரத்துக்கு எங்கே போவது? கோயிலில் ஒன்று உண்டு, தொட்டியில், என் இடுப்பு உயரம், குளிர்காலத்தில் அதற்கே போர்வை போர்த்துகிறார்கள்.

"வயசான மரமா இருந்தா போதும்மா, மனசுதான் முக்கியம்" என்றார் ஆன்ட்டி.

வயசான மரம் எங்களுக்குத் தெரியும். அரை மணி நேர டிரைவில் ஒரு புல்வெளிப் பார்க் இருக்கிறது. அங்கே டிரெயில் ஓரமாக பர் ஓக் மரங்கள், முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆனவை என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அதில் பெரியதன் பின்னால் ஆள் போனால் இரண்டு மூன்று அடிக்கு முழுசாக மறைந்துவிடுவார்.

சுற்றுக்கு ஒரு பொருளாக மரத்தடியில் போட்டு எண்ணுவதுதான் வழக்கம். ஆனால் பார்க்கில் சாப்பிடுகிற எதையும் போடக்கூடாது. அதனால் சுபா நூற்றெட்டு பாதாமை ஒரு டப்பாவில் என்னிடம் கொடுத்து பெஞ்சில் உட்காரவைத்தாள். அவள் ஒரு சுற்று வந்தால் நான் ஒரு பாதாமை அடுத்த டப்பாவுக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

விடியற்காலை பெய்த மழையில் கரிசல் மண் சொதசொதவென்று இருந்தது. வேறு யாருமே இல்லை. செருப்பை மரத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு சுபா சுற்ற ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் எனக்கு ஆபீஸ் மெசேஜ் மேல் மெசேஜ். நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவள் வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, மெதுவாக நடந்து வந்தாள். அசதி என்று நினைத்தேன். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

மணி பன்னிரண்டு. மண்டையைப் பிளக்கிற வெயில். எனக்கோ பன்னிரண்டரைக்கு மீட்டிங். டப்பாவில் இன்னும் பதினொரு பாதாம் கிடந்தது.

"நூத்தியெட்டு! முடிஞ்சுது சுபா, வா!" என்று கத்தினேன்.

அவள் நின்றாள். "நிஜமா முடிஞ்சுதா?"

"நிஜமாத்தான்."

அவள் குனிந்து தன் வலது பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு வந்தாள். அவள் வருவதற்குள் பதினொன்றையும் வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

செருப்பை எடுக்க நான் போனேன். சேற்றில் அவள் கால் பட்டுப் பட்டு ஒரு பாதையே விழுந்திருந்தது. அதற்கு உள்பக்கம், மரத்தை ஒட்டி இன்னொரு பாதை. என் உள்ளங்கை அளவு வெறுங்கால் தடங்கள். சில தடங்கள் சுபாவின் தடத்தின் மேலேயே பதிந்திருந்தன, நம்பினால் நம்புங்கள். அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பிய இடத்தில் அந்தச் சின்னக் கால்கள் திரும்பவில்லை. இரண்டு பாதமும் சேர்ந்து, எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தன.

காரில் ஏசியைப் போட்டேன்.

"நாப்பதாவது சுத்துக்கு மேல யாரோ என் விரலைப் பிடிச்சுட்டு கூடவே வந்தாங்க" என்றாள் சுபா. "சின்னக் கை. பயமே இல்லைங்க. நீங்க முடிஞ்சுதுன்னு சொன்னதும் நான் விட்டுட்டேன். அது விடாம இழுத்துது. முடிஞ்சிருந்தா கூடவே வந்திருக்கணும் இல்ல? கவுன்ட் சரிதானே?"

"சரிதான்" என்றேன். பாதாம் தோல் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக அங்கே போனேன். ஷூவைக் கழற்றிவிட்டு, மிச்சம் பதினொரு சுற்றையும் நானே சுற்றினேன், வலது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ஒருவரும் பிடிக்கவில்லை.

மூன்று வருஷம் ஆகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இப்போதும் பார்க்கிங் லாட்டில் நடக்கும்போது சுபா கார் ஏதாவது வந்தால் வலது கையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள், அவளுக்கே தெரியாமல். அவளுடைய அந்தப் பக்கத்தில் நான் நடப்பதில்லை. பதினொரு பாதாமைப் பற்றி இன்னும் அவளிடம் சொல்லவில்லை.