வேண்டுதல் முடி

அரியலூரில் நடந்த ஒரு வகுப்பில்தான் அவளைப் பார்த்தேன். பெற்றவர்களால் தற்போதைக்கு வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை, அவர்கள் நிலைமை சரியாகும் வரை நம் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாட்டுக்கான வகுப்பு அது. தத்து எடுப்பது இல்லை. ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு மாவட்டத்து ஆட்களையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் வேப்பந்தட்டையிலிருந்து போயிருந்தோம். அவளும் அவள் புருஷனும் கீழப்பழுவூர்.

வாயை மூடாமல் பேசினாள். சாப்பாட்டு நேரத்துக்குள் என் வீட்டுக்காரரை அண்ணன் ஆக்கிவிட்டாள், என்னை அண்ணி ஆக்கிவிட்டாள். வகுப்பு எடுத்த மேடம், "பிள்ளைக்கு முடி வெட்டறதா இருந்தாலும், காது குத்தறதா இருந்தாலும் எங்கள கேட்டுட்டுச் செய்யுங்க. பெத்தவங்க இருக்காங்க, மறந்துடாதீங்க" என்று சொன்னபோது, அவள் பின்னால் திரும்பி யாரிடமோ ஊர் விசாரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்து காத்திருந்தோம். என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிறவர், நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பேன். பின்னறையில் இருந்த தையல் மெஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு அங்கே சின்னக் கட்டில் போட்டோம். கண்ணாடியைப் பிள்ளை உயரத்துக்குக் கீழே இறக்கி மாட்டினார் அவர். வகுப்பு நடத்திய ஆபீசிலிருந்து வந்து பார்த்தார்கள், நல்லா இருக்கு என்றார்கள், போனார்கள். நான் குளிக்கப் போனாலும் போனை வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் போவேன்.

போன் வந்தது. பேசியது அவள்.

"அண்ணி, எங்களுக்குப் புள்ள வந்துட்டா! ஆறு வயசு, பொம்பளப் புள்ள!"

சந்தோஷம் என்று சொன்னேன். அன்றைக்குத் தைத்த ஜாக்கெட்டில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு தினம் போன் செய்வாள். பிள்ளை ரசம்தான் கேட்கிறாளாம். தூக்கத்தில் இவள் சேலையைப் பிடித்துக்கொள்கிறாளாம். பெற்ற அம்மா ஆஸ்பத்திரியில் வைத்தியத்தில் இருக்கிறாளாம், தேற நாளாகுமாம். அந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இருந்ததா என்று உற்றுக் கேட்பேன். இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு கெட்ட ஆசை.

ஒருநாள், "அண்ணி, புள்ள வந்தா மொட்ட அடிச்சுக் காது குத்தறேன்னு குலதெய்வத்துக்கு எப்பவோ வேண்டிக்கிட்டேன். எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. அண்ணன்தான் தாய்மாமனா வந்து மடியில வச்சுக்கணும்" என்றாள்.

வகுப்பில் சொன்னது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். ஆபீசுக்குத் தெரிந்தால் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்றும் ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு வீடு பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கட்டில் காலியாக இருந்தது. "வந்துடறோம்" என்று போனை வைத்தேன். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷமே அவளுக்குப் போன் போட்டுவிடுவார்.

மாமன் சீருக்குப் பெரம்பலூர் கடையில் கவுன் எடுத்தேன். கடைக்காரப் பெண், "உங்க பாப்பா ஒல்லியாங்க, குண்டாங்க?" என்று கேட்டாள். நான் பார்த்ததே இல்லை. ஒல்லி என்றேன். என் கையால் முதன்முதலில் வாங்கிய பிள்ளைத் துணி, இன்னொருத்தி வீட்டுக்கு.

கோயில் கீழப்பழுவூரைத் தாண்டி வயல் ஓரத்தில் இருந்தது. கவுன் அளவு சரியாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. பலகையில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். இரட்டைச் சடை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. முடி எடுக்கிறவர் சடையைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தார். காது குத்தும் ஆசாரி பக்கத்தில் காத்திருந்தார்.

பிள்ளை என் வீட்டுக்காரரை அண்ணாந்து பார்த்து, "மாமா, மொட்ட அடிச்சா எங்கம்மாவுக்கு என்னய அடையாளம் தெரியுமா?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"முடிய எடுக்கக் கூடாது" என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னபோது கத்திவிட்டேன். மேளம் நின்றது.

"என்ன அண்ணி, நல்ல காரியத்துல?"

"ஆபீசுல கேக்காம முடி எடுக்கக் கூடாது, காதும் குத்தக் கூடாது. வகுப்புல சொன்னாங்கம்மா. புள்ளயத் திருப்பி வாங்கிக்குவாங்க."

"இத இன்னிக்குத்தான் சொல்லத் தெரிஞ்சுதா? தெனம் போன்ல பேசுறனே, அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

அவள் மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வேறென்ன, வயித்தெரிச்சல். நமக்குப் புள்ள வந்துருச்சுல்ல" என்றாள்.

அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாதே. என் வீட்டுக்காரர் தலை குனிந்து, ஈரமான சடையைக் கைத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் புருஷன் ஓரமாகப் போய் ஆபீசுக்குப் போன் போட்டான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "வேணாங்கறாங்க. நல்லவேள கேட்டீங்கன்னாங்க. பண்ணியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டான்.

"அப்ப சாமிக்குச் சொன்னது?" என்றாள் மாமியார். பூசாரி விளக்குத் திரியைத் தூண்டினார்.

மருமகள் கொண்டையை அவிழ்த்தாள். இடுப்பு வரை இறங்கும் முடி. பலகையில் வந்து உட்கார்ந்தாள்.

"வேண்டுனது நானு. நானே குடுத்துடறேன். எடுங்கண்ணே."

"ஏய், உனக்கென்ன கிறுக்கா?" என்றான் புருஷன்.

"மூணு மாசத்துல வளந்துடும். நீ வேணா அதுவரைக்கும் வேற பக்கம் பாத்துக்க" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேளக்காரர் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

முடி கற்றை கற்றையாக விழுந்தது. பிள்ளை என் வீட்டுக்காரர் மடியிலிருந்து இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தாள். சந்தனம் தடவியதும் அந்த மொட்டைத் தலையைத் தொட்டாள். சிரித்தாள். பிறகு இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சந்தனம் கன்னத்தில் ஒட்டும்படி சாய்ந்துகொண்டாள்.

வேண்டாம் என்று சொன்னது நான். பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பார் என்று பயந்துகொண்டே வந்தேன். கேட்கவில்லை. அரியலூர் தாண்டியதும், "நல்ல பொம்பள இல்ல?" என்றார்.

"ம்" என்றேன்.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என் முடியைக் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். கொடுத்திருப்பேன் என்றுதான் தோன்றியது. ஆனால் எனக்கு அது தோன்றுவதற்குள் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். வீடு வரும் வரை, பிள்ளை கட்டிக்கொண்ட அந்த மொட்டைத் தலை மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.