இரண்டு வோல்ட், ஒரு கேபிள்

மலேசியாவில், பாசிர் கூடாங்கில் மின் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். அங்கே நடந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிவிடும்.

எங்களிடம் மாறுமின்னழுத்தத்தைத் துல்லியமாக உண்டாக்கும் குவாண்டம் கருவி இருக்கிறது. கடுங்குளிரில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு சில்லு தரும் வோல்ட் அது. கருவிக்குக் கருவி மாறக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க, சிங்கப்பூரிலிருந்து ஒரு பொறியாளர் அதே வகைக் கருவியோடு வந்திருந்தார். இரண்டையும் இணைத்தோம். குறைந்த அதிர்வெண்ணில் வித்தியாசமே இல்லை. அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட வித்தியாசம் வளர்ந்துகொண்டே போனது.

பொறியாளர் யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் மேலாளர் யோசிக்கவே இல்லை; என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் எங்கயோ தப்பா கனெக்ட் பண்ணிருக்கீங்க லா. அவங்க சிஸ்டம் தப்பா காட்டாது.”

“நம்ம சிஸ்டமும் தப்பா காட்டாது சார். கேபிள மாத்திப் பாப்போம்.”

“கெஸ்ட் முன்னாடி வாதாடாதீங்க.”

அன்று மாசாயில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது சிக்னலில் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினேன்.

மறுநாள் மேலாளரைக் கேட்கவில்லை. நேராகப் பொறியாளரிடம் போனேன். “உங்க கேபிளையும் எங்க கேபிளையும் மாத்திப் போடலாமா?”

“தாராளமா.”

மாற்றினோம். வித்தியாசம் அப்படியே மறுபக்கம் தாவியது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “போன மாசம் நீளமான கேபிள் போட்டோம். சாஃப்ட்வேர் நீளத்த வச்சுத்தான் அளவைத் திருத்தும்; அதுல பழைய நீளமே இருக்கு. தப்பு எங்களுதுதான், சாரி.” நீளத்தைத் திருத்தியதும் இரண்டும் ஒத்துப்போயின.

“அலமாக், கேபிள்தானா!” என்று மேலாளர் சிரித்தார். பொறியாளரைச் சாப்பிட அழைத்துப் போனார். நான் கேபிள்களைச் சுருட்டி வைத்தேன்.

பிறகு மேலாளர் எழுதிய அறிக்கை வந்தது. ‘எங்கள் தரப்பு இணைப்புப் பிழை சரிசெய்யப்பட்டது.’ கீழே என் கையெழுத்துக்கு இடம்.

“இதுல சைன் பண்ண மாட்டேன் சார்.”

“சின்ன விஷயம்தானே, விடுங்க.”

“சின்ன விஷயம்னா உண்மையவே எழுதலாமே.”

இரண்டு நாள் அது அவர் மேசையிலேயே கிடந்தது. கடைசியில் நான் பொறியாளரையே போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கேபிள் நீளத்தைக் குறிப்பிட்டு, நடந்ததை நடந்தபடியே மின்னஞ்சலில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். அதன் பிறகுதான் அந்த வரி மாறியது. கையெழுத்துப் போட்டேன்.

மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அன்றிலிருந்து அவருக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை.