தூளிக்குக் கொண்டுபோன வேட்டி

எனக்குப் பொறுமை கிடையாது என்று நீங்கள் மூன்று பேரும் சொல்வது உண்மைதான். ஆனால் பெரியவள் பிறந்த பதினாறாம் நாள் காலையில் நான் பட்ட அவசரத்தைப் பார்த்திருந்தால், இப்போது இருப்பதைப் பொறுமை என்றே சொல்வீர்கள்.

எண்பதுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம். உங்கள் அம்மா பிரசவத்துக்கு அச்சிறுபாக்கத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு லீவு கிடைக்காததால் குழந்தையை அதுவரை பார்க்கவில்லை. பதினாறாம் நாள் குழந்தையை முதன்முதலாகத் தூளியில் போடுவதும், அந்தத் தூளியை அப்பாவின் பழைய வேட்டியில் கட்டுவதும் அவர்கள் வீட்டு வழக்கம். "பத்தரைக்குள் போட வேண்டும். நன்றாக நைந்த வேட்டியாக இரண்டு எடுத்து வாருங்கள்" என்று அம்மா கடிதம் எழுதியிருந்தாள். என் மகள் என் வேட்டியில்தான் முதலில் படுக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதமே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். என்னோடு லேத்தில் வேலை செய்த நண்பன், பீர்க்கன்கரணைக்காரன், பின்னால் ஏறிக்கொண்டான். "தனியா வுட்டா நீ பறந்துகினே பூடுவ. நானும் வரேன்" என்றான். அவன் ஊர் ஏரிப் பக்கம் பனி சுவர்போல நின்றது. மாட்டுவண்டி வேகத்தில்தான் போக முடிந்தது. விரல்கள் மரத்துப்போயின. எனக்கு மனசு மட்டும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கூடுவாஞ்சேரி டீக்கடை அருகே நண்பன் என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்த வைத்தான். டீ குடிக்க நேரமில்லை என்றேன். ஆனால் அந்தச் சுடு கிளாஸைக் கையில் பிடித்ததும் விரல்களுக்கு உயிர் வந்தது. இன்னொரு டீயும் சொன்னேன்.

வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்திருந்த வேட்டிப் பொட்டலத்தை அவன் தட்டினான். "இன்னாபா கீது இதுல? தகரமா? வழி பூரா வயித்த குத்துது."

"வேட்டிடா. மாமியார் வீட்டுக்குக் கசங்கலாவா கொண்டுபோறது? சலவைக்கடையில நல்லா கஞ்சி போடச் சொன்னேன்."

டீ மூக்கில் ஏற அவன் சிரித்தான். "பதினாறு நாள் கொயந்தைய அட்டையில சுத்தப் போறியா? முதுகுத்தோலு உரிஞ்சிடும்யா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நைந்த வேட்டியைக் கேட்டவளுக்கு, பந்திக்குக் கட்டும் வேட்டிபோல மொடமொடவென்று கொண்டுபோகிறேன்.

செங்கல்பட்டு தாண்டியதும் வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு தொட்டியில் இறங்கினோம். அந்தக் குளிரிலும் பம்புத்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இருவரும் வேட்டியை மிதித்தோம். கஞ்சி பால்போலக் கரைந்து வாய்க்காலில் போனது. முழங்கால்வரை சுகம். வெளியே வரவே மனமில்லை. ஆனால் மணி ஒன்பதை நெருங்கிவிட்டது.

ஈர வேட்டியை என்ன செய்வது? ஒன்றைப் பிழிந்து பொட்டலத்தில் வைத்துவிட்டு, மற்றதை இரண்டாக மடித்தோம்; பின்னால் உட்கார்ந்து, அது காற்றில் காயும்படி அவன் நுனிகளைப் பிடித்துக்கொண்டான். வேகமாகப் போனால் காற்று வேட்டியைப் பிடுங்கியது. மெதுவாகப் போனால் நேரம் போயிற்று. கூட்டவும் குறைக்கவும் முடியாமல் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டினேன். ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணா, எந்தக் கட்சிக் கொடி அது?"

"இன்னும் பேர் வைக்கல சார்! இன்னிக்கிதான் பொதுக்கூட்டம்!" என்று இவன் கத்தினான்.

மதுராந்தகத்துக்கு அப்பால் வெயில் முதுகில் விழுந்தது. நண்பன் வேட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "காஞ்சிடுச்சுபா. இப்ப முறுக்கு வண்டிய!" அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவன்போல முறுக்கினேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி பத்து நாற்பது.

மாமியார் கையைப் பிசைந்தார்கள். "ரொம்ப நேரம் பார்த்தோம் மாப்பிள்ளை. நேரம் போயிடுமேன்னு உங்க மாமா வேட்டியில போட்டுட்டோம்."

உள்ளே தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அம்மா காதைச் சுற்றித் துணி கட்டியபடி வந்து, என் கையிலிருந்த வேட்டியைத் தொட்டாள். "பஞ்சு மாதிரி இருக்கே. எப்படிங்க?" நண்பன் ஒன்று விடாமல் சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"இப்படி உட்காருங்க. பத்து நிமிஷம்கூடத் தாங்காது" என்றாள்.

எது தாங்காது என்று கேட்பதற்குள் தூளியிலிருந்து தரையில் சொட்டியது.

"பாத்தியா! பொண்ணு உன் கட்சிதான்!" என்றான் நண்பன்.

மாமியார் நனைந்த தூளியை அவிழ்க்க, குழந்தையை அம்மா என்னிடம் நீட்டினாள். பெரியவளே, நீ கண்ணைத் திறக்கவில்லை. கொட்டாவி விட்டாய். மிச்சத்தை என் சட்டையில் முடித்தாய். மாற்றுச் சட்டை தருகிறேன் என்றார் மாமனார். வேண்டாம், காயட்டும் என்று சொல்லிவிட்டு, என் வேட்டியைக் கட்டி முடிக்கும்வரை உன்னை யாரிடமும் கொடுக்காமல் நின்றேன்.