சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

சித்தப்பா மகளுக்குத் துபாயிலிருந்து ஒரு கால்குலேட்டர் வந்தது. அங்கே வேலை செய்யும் அவள் அண்ணன் அனுப்பியது. வட்டி, தவணை, முதலீட்டின் இன்றைய மதிப்பு எல்லாம் போட்டுத் தருகிற நிதிக் கால்குலேட்டர். நாங்கள் இருவரும் ஒரே நிதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். தேறினால் பெங்களூரில் வேலை. இல்லையென்றால் கோத்தகிரியிலேயே, அப்பா வேலை செய்யும் டீ ஃபேக்டரி ஆபீஸில் பில் போட வேண்டியதுதான்.

"தொட்டுப் பாருக்கா" என்று நீட்டினாள்.

கையில் நல்ல கனம். எந்தப் பட்டனை அழுத்தினாலும் 'டிக்' என்று பதில் சொன்னது. குளிரில் விரல் மரத்துப்போனாலும் அழுந்தியதா இல்லையா என்ற சந்தேகமே வராது.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். காதில் புகை வந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சாயங்காலமானால் அந்த டிக் டிக் சுவரைத் தாண்டி வரும். பள்ளிக்கூட நாளில் என்னிடம் கணக்கு கேட்டுப் படித்தவள் அவள். அவளுக்கு எதற்கு இவ்வளவு நல்ல சாமான்?

அப்பாவை நச்சரித்துப் பணம் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "ஏனுங்க, பரீட்சைக்குங்களா? இந்த ரெண்டைத்தான் உள்ள விடுவாங்க. கூடப் படிக்கறவங்க எது வெச்சிருக்காங்களோ அதையே வாங்கிக்குங்க. கேட்டுப் பழகிக்கலாம்."

அவள் வைத்திருப்பதையே நானும் வாங்குவதா? அவளைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்று ஊரே சொல்லும். மற்றதைக் காட்டினேன். தங்க நிறத் தகடு, விலையும் அதிகம்.

"அதுல சமக்குறி கெடயாதுங்க. கணக்குப் போடற முறையே வேற."

"பழகிக்கறேனுங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளிடம் காட்டினேன். அவள் இரண்டையும் மூன்றையும் கூட்டப் பார்த்தாள். வரவில்லை. "எனக்கெல்லாம் இது ஆகாதுக்கா" என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குச் சோறு ருசியாக இறங்கியது.

எனக்கும் அது ஆகவில்லை. முதலில் இரண்டு, பிறகு என்டர், பிறகு மூன்று, கடைசியில்தான் கூட்டல். மண்டைக்குப் புரிந்தது, விரலுக்குப் புரியவில்லை. பரீட்சை ஹாலில் நேரம் ஓட ஓட விரல் பழைய வழிக்கே போனது. இல்லாத சமக்குறியைத் தேடித் தேடி, தெரிந்த கணக்கையெல்லாம் கோட்டைவிட்டேன்.

அவள் பாஸ். நான் ஃபெயில்.

பெங்களூருக்குக் கிளம்பும் அன்று தன் கால்குலேட்டரோடு வந்தாள். "அங்க எல்லாமே கம்ப்யூட்டர்தானாம். இதை நீயே வெச்சுக்கக்கா. அடுத்த வாட்டி கண்டிப்பா பாஸ் ஆயிருவே."

குரலில் துளி நக்கல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அம்மா வேறு பக்கத்தில் நின்று, "வாங்கிக்கடி, எத்தனை நல்ல மனசு அவளுக்கு" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன்.

இத்தனை நாள் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் என் கண் அதன்மேல் இல்லை. அவள் கையிலிருந்த பெங்களூர் டிக்கெட்டின்மேல் இருந்தது.